மடக்குக் கத்தியைச் சாணைக்கு ஏற்றபடி திருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மடக்குக் கத்தி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் "எனக்குச் சாணை பிடிக்க வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர்கள் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நடுப்பகுதி நன்றாகவே கூராக இருக்கும். பிடியை ஒட்டிய அடிப்பகுதியில் சில மில்லிமீட்டர் மொன்னை. பழைய கத்தியாக இருந்தால் அந்த இடத்துக்கு முன்னால் ஒரு குழிவும் விழுந்திருக்கும். கல் தொட முடியாத இடத்தை எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் கூராக்க முடியாது. கல்லுக்கு வழிவிடும்படி அலகைக் கொஞ்சம் திருத்திக்கொண்டால், அதற்குப் பிறகு அந்தக் கத்தி ஆயுசுக்கும் பத்து நிமிடத்தில் தீட்டக் கூடிய கத்தியாகிவிடும்.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் பெரியவர்களிடம் கேட்டால் இதையே வேறு மாதிரி சொல்வார்கள்: "நடுவுல நல்லா அறுக்குது தம்பி, அடியில வச்சு இழுத்தா வழுக்குது." நைலான் கயிற்றை அறுக்கும்போது விசை முழுவதும் அடிப்பகுதியில்தான் விழுகிறது. பிடிக்குப் பக்கத்தில் இருப்பதால் கைக்கு அங்கேதான் பலம் அதிகம். பண்ருட்டிப் பக்கம் பலாச்சுளை எடுப்பவருக்கும், முந்திரித் தோப்பில் கொப்பு நறுக்குபவருக்கும் அப்படித்தான். அதிகம் வேலை செய்ய வேண்டிய இடமே அதிகம் மொன்னையாகக் கிடக்கிறது.

பெயர்களை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்வோம். வெட்டும் ஓரம் வாய். எதிர்ப்பக்கம் முதுகு. பிடியை ஒட்டியது அடி, கடைசி முனை நுனி. அலகின் தடிமன் குறையத் தொடங்கும் கோட்டைச் சரிவுக்கோடு என்கிறேன். அந்தக் கோட்டுக்கும் பிடிக்கும் நடுவே தீட்டாத தடித்த பகுதி ஒன்று இருக்கும். அதுதான் தொந்தரவின் மூலம்.

ஏன் இப்படி ஆகிறது

கல்லில் கத்தியை இழுக்கும்போது கல்லின் ஓரம் அந்தத் தடித்த பகுதியில் ஏறி நிற்கிறது. உடனே வாயின் அடிப்பகுதி கல்லைவிட்டு மயிரிழை அளவு தூக்கிக்கொள்கிறது. அந்தச் சில மில்லிமீட்டர் தேயாமல் அப்படியே இருக்க, அதற்கு முன்னால் உள்ள பகுதி மட்டும் தேய்ந்துகொண்டே போகிறது. வருடக்கணக்கில் இது நடந்தால் அடியில் ஒரு சின்ன மேடும் அதை அடுத்து ஒரு பள்ளமும் உருவாகிவிடும். கடையில் விற்கும் இழுத்துத் தீட்டும் கருவி இதை இன்னும் வேகமாகச் செய்யும், ஏனென்றால் அதன் பிளாஸ்டிக் உடம்பின் அகலத்துக்கு உள்ள தூரம் பிடிப்பக்கம் தொடப்படுவதே இல்லை. தெருவில் வரும் சாணைக்காரரின் சக்கரமும் சமையல் கத்திக்கும் அரிவாளுக்கும் பொருத்தமானது. மடக்குக் கத்தியின் பிடி மூலைக்குள் அந்தச் சக்கரம் நுழையாது.

பள்ளம் விழுந்த வாய்க்கு இன்னொரு தொல்லை உண்டு. தட்டையான கல் பள்ளத்தின் இரு கரையையும் தொடும், நடுவைத் தொடாது. சுளை நறுக்கப் பலகையில் வைத்து அழுத்தினால் அடியில் ஒரு நூல் அறுபடாமல் தொங்கும்.

ஆக, செய்ய வேண்டிய திருத்தங்கள் மூன்று: அடியில் ஒரு சின்னக் காடி (வாயின் தொடக்கத்தில் அரைவட்டமாக ஒரு வெட்டு), வாயை நேராக்குவது, தேவைப்பட்டால் நுனியை முதுகுப்பக்கத்திலிருந்து இறக்குவது. பெரும்பாலான கத்திகளுக்குக் காடி ஒன்றே போதும். மூன்றையும் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எந்தக் கத்தியைத் தொடலாம்

தினமும் வேலைக்குப் போகும் சாதாரணக் கத்தியைத் தாராளமாகத் தொடலாம். தாத்தா காலத்துக் கத்தி, பரிசாக வந்தது, விலை கூடிய சேகரிப்புக் கத்தி இவற்றை விட்டுவிடுங்கள். அரைத்த இரும்பு திரும்பி வராது. அலகு ஏற்கெனவே 12 மில்லிமீட்டருக்குக் கீழே ஒல்லியாகத் தேய்ந்திருந்தால் வாயை நேராக்கும் வேலையில் இறங்காதீர்கள், காடியோடு நிறுத்துங்கள்.

புதுச்சேரியில் பல வீடுகளில் பிரான்சிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்த ஓப்பினெல் கத்தியைப் பார்க்கலாம். 1890இல் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் தொடங்கிய வடிவம், மரப்பிடி, 1955இல் சேர்க்கப்பட்ட சுழலும் பூட்டு வளையம். எட்டாம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர். அதன் வாய் ஏறக்குறைய வளையம் வரை ஓடுவதால் கல்லின் ஓரம் வளையத்தில்தான் முட்டும். அதற்குக் காடி வெட்டுவதைவிட, கல்லை ஒரு மரத்துண்டின் மேல் உயர்த்தி மேசை விளிம்புக்கு வெளியே நீட்டி வைத்து, வளையம் கல்லுக்கு வெளியே தொங்கும்படி தீட்டுவதே நல்லது. அந்த மெல்லிய அலகை நான் வெட்டச் சொல்ல மாட்டேன்.

பாதி வாய் ரம்பப் பல்லாக இருக்கும் கத்தியை முழுக்க நேர்வாயாக்கிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பல்லின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு இரும்பையும் முழு நீளத்துக்கும் எடுக்க வேண்டி வரும். அகலமான அலகு என்றால் செய்யலாம். ஆனால் ஈரக்கயிறு அறுப்பவருக்கு அந்தப் பல் உதவியாகவே இருக்கும், ஆகவே அதை விட்டுவைப்பது நல்லது.

முதுகைக் கூராக்கி இருபுறமும் வெட்டும்படி செய்யும் ஆசை வேண்டவே வேண்டாம். வேலைக் கருவியாக இருந்தது அதோடு ஆயுதமாகிவிடும். மடக்கி வைத்தாலும் கையைக் கிழிக்கும்.

மடக்குக் கத்திக்கென்று உள்ள கட்டுப்பாடு

நேர்க்கத்தியைத் திருத்துவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். மடக்கும்போது வாய் பிடிக்குள் போகிறது, முதுகு வெளியே தெரிகிறது. நுனி எவ்வளவு முதுகுப்பக்கம் இருக்கிறதோ அவ்வளவு பிடியின் ஓரத்துக்கு அருகில் வரும். நுனி உடைந்த கத்தியை வாய்ப்பக்கம் அரைத்துச் சரிசெய்தால் புது நுனி முதுகை நோக்கி நகர்ந்துவிடும். மடக்கினால் ஊசி மாதிரி பிடிக்கு வெளியே எட்டிப் பார்க்கும். கைலியில் செருகினால் தொடையைக் குத்தும். முதுகுப்பக்கத்திலிருந்து அரைத்து இறக்கினால் நுனி பிடிக்குள் இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளும். மடக்குக் கத்தியின் நுனியைத் திருத்துவது எப்போதும் முதுகுப்பக்கத்திலிருந்துதான்.

அடுத்தது, அடிப்பகுதியில் வாய்க்கும் பிடிக்கும் நடுவே கீழ்நோக்கிச் சற்றுத் துருத்திக்கொண்டிருக்கும் மூக்கு. பூட்டு இல்லாத, முதுகு ஸ்பிரிங் உள்ள கத்திகளில் மடக்கும்போது அந்த மூக்குதான் ஸ்பிரிங்கில் போய் உட்காரும். வாய் ஸ்பிரிங்கில் மோதாமல் தாங்கி நிறுத்துவது அதுவே. காடி வெட்டும் ஆர்வத்தில் அந்த மூக்கை ராவிவிட்டால் ஒவ்வொரு முறை மடக்கும்போதும் வாய் இரும்பில் இடித்து மொன்னையாகும். அதைத் தொடாதீர்கள். பூட்டு உள்ள கத்திகளில் பூட்டுத் தகடு வந்து முட்டும் அலகின் பின்புறத்தையும் தொடக் கூடாது.

உள்ளே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் ஒரு பட்டாணி அளவு எடுத்து, பிடியின் பள்ளத்துக்குள் நுனி வரும் இடத்தில் ஒன்றும் நடுவில் ஒன்றும் வையுங்கள். கத்தியை மெதுவாக மடக்கித் திறங்கள். வாய் பதிந்த தடத்துக்குக் கீழே எஞ்சி நிற்கும் களிமண்ணின் உயரம்தான் இடைவெளி. திருத்துவதற்கு முன்னும் பின்னும் இதைச் செய்து பார்த்தால் மூக்கில் கை பட்டதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

வேண்டிய சாமான்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ புதுச்சேரி நேரு வீதிப் பக்கமோ ஹார்டுவேர் கடையில் எல்லாமே கிடைக்கும். ஒருபக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் நைஸாகவும் இருக்கும் கார்போரண்டம் கல் ஒன்று. 1954இல் சென்னையில் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சலின் கல்லே போதும், வெளிநாட்டுக் கல் தேவையில்லை. 3 அல்லது 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள, டைமண்ட் பூசிய உருண்டை அரம். வாட்டர் பேப்பர் 220, 400, 800 எண்களில் ஒவ்வொரு தாள். மார்க்கர் பேனா, மாஸ்கிங் டேப், ஒரு அடிக்கோல், கண்ணைக் காக்கும் கண்ணாடி, முகக்கவசம். வைஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இரண்டு மரச்சட்டமும் ஒரு சி கிளாம்பும்.

சாதாரண அரத்தை ஏன் சொல்லவில்லை என்றால், நல்ல கத்தியின் பதம், அதாவது எஃகின் கடினம், அரத்தின் பதத்தை நெருங்கியே இருக்கும். விக்டோரிநாக்ஸ் மடக்குக் கத்தியின் அலகு, எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவில் சுமார் 56. சாதாரண அரம் அதில் சிரமப்பட்டுத்தான் பிடிக்கும், பல்லும் தேயும். உள்ளூர் கொல்லுப்பட்டறையில் அடித்த கத்தி கொஞ்சம் மென்மையாக இருந்தால் அரம் பிடிக்கும். அடிப்பகுதியின் ஓரத்தில் ஒருமுறை லேசாக இழுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கல் நடுவில் குழிந்திருந்தால் முதலில் அதைச் சமப்படுத்துங்கள். குழிந்த கல்லில் நேர்வாய் வராது. சமமான சிமெண்ட் தரையில் தண்ணீர் ஊற்றி வட்டமாகத் தேய்த்தாலே போதும். கல்லின் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுக்கொண்டு, எல்லாக் கோடும் மறையும்வரை தேயுங்கள்.

முதல் படி: கத்தியை மொன்னையாக்குங்கள்

கூரான கத்தியை வைத்துக்கொண்டு அரம் பிடிப்பது ஆபத்து. அலகைக் கல்லின் மேல் செங்குத்தாக, வாய் கீழே இருக்கும்படி பிடித்து, அழுத்தாமல் இரண்டு மூன்று முறை இழுத்துவிடுங்கள். இனி வாய் உங்களை எளிதில் வெட்டாது.

இதே இழுப்பு கத்தியின் சாதகத்தையும் சொல்லிவிடும். வாயை மேலே திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். கல் பட்ட இடமெல்லாம் மெல்லிய வெள்ளிக்கோடாக மின்னும், படாத இடம் கறுப்பாக இருக்கும். அடியில் ஒரு புள்ளி மின்னி, பிறகு ஒரு இடைவெளி கறுத்து, பிறகு மீண்டும் மின்னினால் அந்த இடைவெளிதான் பள்ளம். அடிக்கோலை வாயில் சாய்த்து வைத்து ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் எவ்வளவு ஆழம் என்பதும் தெரியும். அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் நேராக்கலாம். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் ஒரே நாளில் எடுக்க நினைக்காமல், ஒவ்வொரு முறை தீட்டும்போதும் மேட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

இரண்டாம் படி: காடி வெட்டுவது

இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

கத்தியைத் திறந்து, அலகு பிடிக்குள் நுழையும் இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று இறுக்கமாக ஒட்டுங்கள். அரைத்த இரும்புத்தூளும் கல்தூளும் மூட்டுக்குள் போனால் கத்தி திறக்கும்போது மணல் கடித்த மாதிரி கரகரக்கும், கொஞ்ச நாளில் மூட்டு தேய்ந்து ஆடத் தொடங்கும். அலகின் இரு பக்கமும் மரச்சட்டம் வைத்து, வாய் மேலே பார்க்கும்படி வைஸில் அலகையே பிடியுங்கள். பிடியை வைஸில் கொடுத்துவிட்டு அலகில் ராவினால், பூட்டில்லாத கத்தி திடீரென்று மடங்கும், விரல் நடுவில் மாட்டும்.

இனி இடம் குறிக்க வேண்டும். சரிவுக்கோடு வாயை வந்து தொடும் புள்ளியைப் பாருங்கள். வாயின் கூர் அங்கேயோ அதற்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்போ தடித்துப்போய் முடிந்திருக்கும். காடியின் பின்கரை அந்தச் சரிவுக்கோட்டில் இருக்க வேண்டும், முன்கரை முழுமையாக மெலிந்த வாயில் முடிய வேண்டும். அப்படி வெட்டினால் தடித்த பகுதி முழுவதும் காடிக்குள் விழுந்துவிடும், மிஞ்சும் வாய் முதல் மில்லிமீட்டரிலிருந்தே கல்லைத் தொடும். காடியை இன்னும் முன்னால் தள்ளி வெட்டினால் வெட்டும் நீளத்தை வீணாக்குகிறீர்கள். பின்னால் தள்ளி வெட்டினால் மூக்கில் கை வைக்கிறீர்கள், தடித்த பகுதியும் முன்னால் அப்படியே நிற்கும். பின்னால் தள்ளியது பார்க்க அழகாக இருந்தாலும் பயன் இல்லை. கடையில் விற்கும் சில கத்திகளிலேயே இப்படித் தவறான இடத்தில் காடி இருப்பதைப் பார்க்கலாம்.

மார்க்கரால் இரு பக்கமும் அந்த இடத்தைக் கறுப்பாக்கி, ஊசியால் ஒரு கோடு கீறுங்கள். உருண்டை அரத்தைத் தண்ணீரில் நனைத்து, அலகுக்குச் சரியான குறுக்காகப் பிடித்து மெதுவாகத் தள்ளுங்கள். முதல் சில தள்ளல் ஒரு தடம் பதியவைக்க மட்டும். தடம் பதிந்துவிட்டால் அரம் நகராது. அழுத்தம் தேவையில்லை. டைமண்ட் அரத்தை அழுத்தினால் பூச்சு உதிர்ந்துவிடும். அவ்வப்போது தண்ணீரில் கழுவி, இரு பக்கமும் ஒரே ஆழத்தில் இறங்குகிறதா என்று பாருங்கள்.

3 மில்லிமீட்டர் அரம் என்றால் ஆழம் ஒன்றரை மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர் அரம் என்றால் 2 மில்லிமீட்டர். அதாவது அரைவட்டம் முழுமையானதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஆழம் போனால் கயிற்று நூலும் வலைக்கண்ணியும் துணியும் அதில் மாட்டி இழுக்கும். வலை வேலை செய்பவர்களுக்கு 3 மில்லிமீட்டரே போதும். மூலையுள்ள முக்கோண அரத்தால் வெட்டவே கூடாது. கூரான மூலையிலிருந்துதான் எஃகில் விரிசல் ஓடும். கத்தியைப் போட்டுத் திருகும்போது அந்த இடத்தில் பட்டென்று உடையலாம்.

வெட்டி முடித்ததும் 400 எண் வாட்டர் பேப்பரைத் தீக்குச்சியில் சுற்றி காடிக்குள் தேயுங்கள், பிறகு 800. இரு பக்க ஓரத்தையும் லேசாக உருட்டிவிடுங்கள். அரத்தின் கீறல் உள்ளே இருந்தால் உப்புக்காற்று முதலில் அங்கேதான் வேலையைக் காட்டும்.

மூன்றாம் படி: வாயை நேராக்குவது

பள்ளம் இல்லாவிட்டால் இதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கல்லின் சொரசொரப்பான பக்கத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, நழுவாதபடி ஈரத்துணியின் மேல் வையுங்கள். அலகைச் செங்குத்தாக நிறுத்தி, வாய் முழுவதும் கல்லில் படும்படி நீளவாக்கில் தள்ளி இழுங்கள். அலகு சாயக் கூடாது. சாய்ந்தால் வாய் ஒருபக்கமாக ஓடிவிடும். பத்து இழுப்புக்கு ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். மின்னும் கோடு இரண்டு முனையிலிருந்தும் பள்ளத்தை நோக்கி நீளும். நடுவில் சந்தித்ததும் நிறுத்துங்கள். அதற்குமேல் ஒரு இழுப்புகூடத் தேவையில்லை.

நுனிப்பக்கம் இயல்பாகவே வளைந்து ஏறும் கத்தியில் அந்த வளைவை அழிக்க வேண்டாம். உள்நோக்கிய பள்ளம்தான் தட்டைக் கல்லுக்கு எதிரி. வெளிநோக்கிய வளைவை மணிக்கட்டைச் சற்று உயர்த்தித் தொடர்ந்துவிடலாம்.

நான்காம் படி: நுனியை இறக்குவது

நுனி உடைந்திருந்தாலோ, படகிலோ மரத்திலோ ஏறி வேலை செய்பவராக இருந்தாலோ மட்டும் இதைச் செய்யுங்கள். வாய் நேர்கோடாக ஓடி, முதுகு கடைசியில் இறங்கி வாயைச் சந்திக்கும் வடிவம் மாலுமிகளின் கத்திகளில் நெடுங்காலமாக இருப்பது. ஆடும் தளத்தில் தடுமாறினால் குத்தாது. கயிற்றைக் கட்டையில் வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டி அறுக்கலாம். சாணைக்கும் இதைவிட இலகுவான வடிவம் கிடையாது. வளைவே இல்லை, ஒரே கோணத்தில் ஒரே நேர் இழுப்பு.

அட்டையில் வேண்டிய வளைவை வெட்டி, அலகின் மேல் வைத்து மார்க்கரால் வரையுங்கள். நகத்தால் இழுத்துத் திறக்க முதுகை ஒட்டி நகக்குழி உள்ள கத்தியில் கோடு நகக்குழியிலிருந்து குறைந்தது 5 மில்லிமீட்டர் தள்ளி நிற்கட்டும். வரைந்த கோட்டோடு கத்தியை மடக்கிப் பாருங்கள். கோடு பிடியின் ஓரத்துக்கு உள்ளே போகிறதா, திறக்கும்போது விரலால் கிள்ளிப் பிடிக்க முதுகில் இடம் மிஞ்சுகிறதா என்பதை இப்போதே முடிவுசெய்துவிட வேண்டும்.

எடுக்க வேண்டிய இரும்பு அதிகம் என்பதால் இந்த ஒரு படிக்கு மட்டும் பெஞ்ச் கிரைண்டரை அனுமதிக்கலாம். வாய்ப்பக்கம் எந்தக் காரணத்துக்கும் கிரைண்டர் வேண்டாம். கத்தியின் எஃகு தோய்த்து இறுகியபின், பெரும்பாலும் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் பதம் கொடுக்கப்பட்டிருக்கும். அரைக்கும் சூடு அதைத் தாண்டினால் அந்த இடம் மென்மையாகிவிடும். கார்பன் எஃகில் இளமஞ்சள் நிறம் தோன்றினாலே எச்சரிக்கை, 300 டிகிரி வாக்கில் நீலம் ஓடிவிட்டால் அந்த இடத்தின் பதம் போயிற்று. துருப்பிடிக்காத எஃகில் நிறம் தாமதமாகத்தான் தெரியும், ஆகவே நிறத்தை நம்பி அரைக்காதீர்கள். மெல்லிய நுனி நொடிக்குள் சூடேறும். வெறுங்கையால் அலகைப் பிடித்துக்கொண்டு, இரண்டு நொடி தொட்டு, தண்ணீரில் முக்கி, மறுபடி தொடுங்கள். விரலுக்குச் சூடு தெரிகிறதென்றால் அப்போதே முக்க வேண்டும். சுழலும் சக்கரத்துக்கு அருகில் துணிக் கையுறை போடாதீர்கள், அது சக்கரத்தில் மாட்டிக் கையையும் இழுத்துக்கொள்ளும். கண்ணாடி கட்டாயம்.

கிரைண்டர் இல்லையென்றால் கல்லின் சொரசொரப்பான பக்கமே செய்யும், நேரம்தான் ஆகும். கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் முன்பே நிறுத்தி, மிச்சத்தை வாட்டர் பேப்பரில் முடியுங்கள். முதுகின் ஓரம் கையை அறுக்காதபடி உருட்டிவிடுங்கள்.

ஐந்தாம் படி: வாய்ச்சரிவை மறுபடி அமைப்பது

இப்போது உங்கள் கையில் இருப்பது அழகான, ஆனால் வெட்டவே வெட்டாத கத்தி. வாயில் தட்டையான விளிம்பு இருக்கிறது. அதன் தடிமன் எவ்வளவு என்பதைப் பொறுத்தே உங்கள் வேலை. அரை மில்லிமீட்டர் தடிமனாக இருந்ததைவிட ஒரு மில்லிமீட்டர் தடிமனாக இருந்தால் எடுக்க வேண்டிய இரும்பு இரண்டு மடங்கு என்று தோன்றும். உண்மையில் நான்கு மடங்கு, ஏனென்றால் சரிவின் அகலமும் ஆழமும் சேர்ந்தே கூடுகின்றன. வாயை நேராக்கும்போது தேவைக்கு மேல் ஒரு இழுப்புகூட வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான்.

கோணத்துக்குக் கருவி வேண்டாம், முதுகின் உயரத்தைக் கணக்கிட்டால் போதும். அலகின் அகலம் 20 மில்லிமீட்டர் என்றால், முதுகு கல்லிலிருந்து 5 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும்போது ஒரு பக்கக் கோணம் சுமார் 15 டிகிரி. 7 மில்லிமீட்டர் உயர்ந்தால் சுமார் 20. அகலம் 25 என்றால் 6.5, 8.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு, வலை, மரக்கொப்பு இவற்றுக்கு 20 டிகிரி. பழம், காய்கறி மட்டும் நறுக்கும் கத்திக்கு 15 முதல் 17. அந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டை நறுக்கிக் கல்லின் பக்கத்தில் வைத்துக்கொண்டால், சந்தேகம் வரும்போது முதுகை அதன்மேல் ஒருமுறை வைத்துக் கையைப் பழக்கிக்கொள்ளலாம்.

வாய்ச்சரிவு முழுவதையும் மார்க்கரால் கறுப்பாக்குங்கள். ஒரு பக்கத்தை இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மேல்பக்கம் மட்டும் அழிந்தால் முதுகை உயர்த்த வேண்டும், விளிம்பில் மட்டும் அழிந்தால் இறக்க வேண்டும். காடியை ஒட்டிய இடத்தைக் குறிப்பாகப் பாருங்கள். அங்கே மை முழுவதும் அழிந்திருந்தால் காடி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

பிறகு ஒரே பக்கத்தை, எதிர்ப்பக்கத்தில் பிசிறு (வாயின் ஓரத்தில் மடிந்து நிற்கும் மெல்லிய இரும்பு) எழும்வரை தீட்டுங்கள். பிசிறை விரலால் முதுகிலிருந்து வாயை நோக்கித் தடவிப் பார்க்க வேண்டும், நீளவாக்கில் தடவக் கூடாது. அடியிலிருந்து நுனிவரை பிசிறு தொடர்ச்சியாகத் தட்டுப்பட்டால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. மறுபக்கமும் அப்படியே. பிறகு நைஸ் பக்கத்தில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி இழுங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், முதுகு முன்னே போகும்படி இருபது முறை இழுத்தால் மிச்சப் பிசிறும் உதிரும். நைலான் கயிற்றுக்குத்தான் கத்தி என்றால் நைஸ் கல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கொஞ்சம் சொரசொரப்பான வாய்தான் கயிற்றைக் கடித்துப் பிடிக்கும்.

சோதனைக்கு ஒரு நைலான் கயிற்றை எடுத்து, காடியை ஒட்டிய இடத்தில் வைத்து அங்கிருந்து இழுங்கள். முன்பு வழுக்கிய இடத்தில் இப்போது கடிக்க வேண்டும்.

துடைப்பதும் எண்ணெயும்

டேப்பைப் பிரிக்கும் முன் அலகைக் கழுவுங்கள். பிரித்தபின் மூட்டில் சோப்புத் தண்ணீர் விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, திறந்து மூடி, மறுபடி கழுவுங்கள். கரகரப்பு இருக்கும்வரை விடாதீர்கள். வெயிலில் காயவைத்து மூட்டில் ஒரு துளி தையல் மிஷின் எண்ணெய். வேலை முடிந்ததும் களிமண் சோதனையை மறுபடி செய்து, பிடியின் ஓரத்தில் விரலை ஓட்டி நுனி தட்டுகிறதா என்றும் பாருங்கள்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் இருப்பவர்களுக்குத் துரு தனிப் பிரச்சினை. அரைத்து முடித்த கார்பன் எஃகை எண்ணெய் தடவாமல் வைத்தால் தேவனாம்பட்டினம் கடற்காற்றுக்கு ஓர் இரவே போதும், காலையில் காடிக்குள் செம்புள்ளி தெரியும். உங்கள் கத்தி கார்பனா, துருப்பிடிக்காததா என்று காந்தத்தால் கண்டுபிடிக்க முடியாது, கத்திக்குப் பயன்படும் இரண்டுமே ஒட்டும். அலகின் பக்கத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள். கறுத்தால் கார்பன். உணவு தொடும் அலகுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது. பலா வெட்டுபவர்கள் பால் ஒட்டாமலிருக்கத் தடவும் அதே எண்ணெய் துருவையும் தடுக்கும். கடல்தண்ணீர் பட்ட கத்தியை நல்ல தண்ணீரில் கழுவாமல் எண்ணெய் மட்டும் தடவினால் உப்பு அடியிலேயே தங்கிவிடும்.

இனிமேல் தீட்டும்போது ஒவ்வொரு இழுப்பையும் காடியிலிருந்தே தொடங்குங்கள். கல்லின் ஓரம் காடிக்குள் வந்து நிற்கட்டும், அங்கிருந்து நுனிக்கு இழுங்கள். வருடங்கள் போகப் போக வாய் தேய்ந்து மேலேறும், காடியின் ஆழம் குறைந்துகொண்டே வரும். அது ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே வந்ததும் அதே உருண்டை அரத்தால், அதே இடத்தில், பழைய ஆழத்துக்கு மறுபடி இறக்கிக்கொள்ளலாம். அப்போது முழு வேலையையும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை, கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.